துடைத்த பிறகு சோதனை

பிப்ரவரி 3
விமானக் கூடம்

அக்கா,

போனை வைத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்காதே. நேற்றுத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசியில் மாமா எடுத்து, "அவ குளிக்கிறாடா" என்றார். பின்னாலிருந்து நீ "இல்லைன்னு சொல்லுங்க" என்றதும் கேட்டது. குளிக்கிறவளுக்கு வீட்டுக் கூடத்தில் என்ன வேலை?

அலுவலக மெயிலில் எழுதினால் பாதிக் கட்டிடம் படிக்கும். அதனால் பறப்புத் தகவல் வட்டுகள் வாராவாரம் உன் மேசைக்கு வருகிற பையில் இதைச் செருகி அனுப்புகிறேன். பையை நீதான் பிரிப்பாய்.

உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்லப் போகிறேன். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

இறக்கைக்கு அடியில் தொங்குகிறதே புரோப், மேகத்துளிகளை எண்ணுகிற கருவி, அதற்கு இரண்டு கைகள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு லேசர் போகிறது. குறுக்கே ஒரு துளி போனால் ஒரு மினுக்கு. மினுக்கு பெரிதென்றால் துளி பெரிது. மினுக்குகளை எண்ணினால் எத்தனை துளி என்று தெரியும். இவ்வளவுதான். கண்ணாடி மங்கினால் மினுக்கும் மங்கும். பெரிய துளி சின்னதாகத் தெரியும், சின்னத் துளி தெரியவே தெரியாது.

நாம் என்ன செய்கிறோம்? மேகத்துக்குள் போவதற்கு முன்னால் அதற்கு அடியில், கடலை உரசுகிற மாதிரி பறக்கிறோம். அலை உடைந்து தெறிக்கிற உப்பெல்லாம் கண்ணாடியில் அப்புகிறது. அப்புறம் மேகத்துக்குள் ஏறுகிறோம். மறுபடி கீழே, மறுபடி மேலே. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக இதேதான். திரும்பும்போது எரிபொருளை மிச்சம் பிடிக்க மேகத்துக்கு மேலே உயரமாக வந்துவிடுகிறோம், எதையும் அளப்பதில்லை. தரையிறங்கியதும் ஸ்பிரிட் போட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறோம். பிறகு அளவு தெரிந்த கண்ணாடித் தூளை ஊதி, கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கிறோம். எப்போதும் சரியாகத்தான் சொல்கிறது.

துடைத்துவிட்டு ஊதினால் ஏன் சொல்லாது?

முதலில் துடை, அப்புறம் சோதி. இந்த வரிசை நீ போட்டது. போன ஆண்டு நீயே இங்கே உட்கார்ந்து கருவியைப் பார்த்துக்கொண்டபோது போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "அழுக்கோட ஊதினா தூள் எல்லாம் கண்ணாடியில ஒட்டிக்கும்டா" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். நானும் மண்டையை ஆட்டினேன்.

முந்தாநாள் ஸ்பிரிட் டப்பா ஸ்டோருக்குள் பூட்டிக் கிடந்தது. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. துடைக்காமலே ஊதினேன். இருபது மைக்ரான் தூளைக் கருவி பதினான்கு என்றது. சாவி வந்ததும் துடைத்தேன், ஊதினேன். இருபது.

உன் கட்டுரை என்ன சொல்கிறது? கரையிலிருந்து விலக விலக மேகத்தில் துளிகள் நாம் நினைத்ததைவிட வேகமாகக் குறைகின்றன, அதனால்தான் நடுக்கடலில் மேகப் போர்வை சீக்கிரம் கிழிகிறது என்கிறது. துளி குறையவில்லை அக்கா. கண்ணாடி மங்கியது. நீ அளந்தது மேகத்தை இல்லை, உப்பை.

இயக்குநரிடம் நீயே போய்ச் சொல். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 8
வீடு

அவசரக்குடுக்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை இன்னும் அதிகமாக வந்தது. மூன்றாம் தடவை, நீ சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த மூன்றாம் தடவையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் இதைக் கேள். அன்றைக்கு நீ போனில் கத்தியது ஸ்பீக்கரில் போனது. மாமாவும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "உன் ஒரு வருஷ வேலையும் குப்பை!" என்று நீ கத்த, அம்மா கையை அப்படியே நிறுத்திவிட்டு, "எதுடி குப்பை?" என்றாள். குப்பை வண்டி வரவில்லையாம், அதைத்தான் சொல்கிறான் என்றேன். "அதுக்கு ஏன் அவன் அங்கேருந்து கத்தறான்?" என்றாள். ஒரு பரிசோதனை முடிவைத் தெரிவிக்கிற அழகா இது?

ஆமாம், அந்த வரிசையைப் போட்டது நான்தான். துடைக்காமல் ஒருமுறை ஊதிப் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. தினமும் துணியும் கையுமாக நிற்கிற உனக்கும் தோன்றவில்லை; சாவிக்காரருக்குப் பசித்ததால் தோன்றியது. அதை நீ உன் புத்திசாலித்தனமாக எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். எத்தனை பறப்புகளில் பார்த்தாய்? ஒன்றில். அன்றைக்குக் காற்று எப்படி? அடியில் போனபோது கடலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் போனீர்கள்? மேகத்துக்குள் நுழைந்ததும் அந்த ஈரம் உப்பைக் கொஞ்சமாவது கரைத்திருக்காதா? இதில் ஒன்றையும் நீ யோசிக்கவில்லை. பறப்பைத் திருப்பிப் போடச் சொல். கரையிலிருந்து உயரமாகவே போய், சுத்தமான கண்ணாடியோடு முதலில் தூரத்து மேகத்துக்குள் இறங்குங்கள். அங்கே துளிகள் உண்மையிலேயே குறைவா, இல்லை எல்லாம் உப்பு செய்த வேலையா என்று ஒரே பறப்பில் தெரிந்துவிடும்.

போனில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். இருபதாம் தேதி நேர்காணல். ஒன்பது வருடமாக நான் ஒப்பந்த ஆள். ஒவ்வொரு மார்ச்சிலும், அடுத்த மாதம் இந்த நாற்காலி எனக்கு உண்டா என்று நிர்வாகப் பிரிவு வாசலில் போய் நிற்கிறேன். நிரந்தர இடம் இருப்பது ஒன்றே ஒன்று. என் வயதுக்கு இதுதான் கடைசித் தடவை. என் கையில் இருப்பது அந்தக் கட்டுரை மட்டும்தான்.

மறைக்கச் சொல்லவில்லை. பொறுக்கச் சொல்கிறேன். நேர்காணல் முடிந்த மறுநாள் நானே இயக்குநரிடம் போய்த் திருப்பிப் பறக்க நேரம் கேட்கிறேன். தப்பு என்று தெரிந்தால் என் கையாலேயே மறுப்பு எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து உனக்கு வராத குணம் என்று தெரிந்தும் கேட்கிறேன்.

அம்மா உனக்கு ஒரு போர்வை அனுப்பச் சொன்னாள். அனுப்பவில்லை. வேண்டுமென்றேதான்.

அக்கா

*

பிப்ரவரி 12
விமானக் கூடம்

அக்கா,

"விஷயம் இருக்கிறது" என்று நீயே எழுதிவிட்டாய். அதற்கப்புறம் என்ன பொறு, பொறு?

இன்னும் இரண்டு பறப்புகளில் துடைக்காமல் ஊதிப் பார்த்தேன். பதினைந்து. பதினான்கு. உன் கரைகிற கதையும் பார்த்தேன். கண்ணாடி குழாயின் உள்ளே அரை விரல் ஆழத்தில் இருக்கிறது; மேகத்து ஈரம் அதைக் கழுவுகிற அளவுக்குப் போவதில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பேதான். அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் உனக்கு?

உயரம் கேட்கிறாய். உயரம் என்ன பெரிய உயரம், மேகத்துக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே. எங்கள் கேப்டனுக்கு இதெல்லாம் விளையாட்டு. நேற்று அலை நுரை ஜன்னலில் வந்து அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ரேடார் பையன் வாந்தி எடுத்துவிட்டான். கேப்டன் மைக்கில், "கீழ போனாதானே தம்பி கடல் தெரியும்! மேலயே போறதுக்கு பஸ்ல போகலாமே" என்கிறார். அப்புறம் மூக்கைத் தூக்கி ஒரே ஏற்றம். சாம்பல், சாம்பல், ஒன்றுமே தெரியாத சாம்பல், திடீரென்று கண் கூசுகிற வெளிச்சம். கீழே வெள்ளையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை உழுது போட்ட மாதிரி அந்தப் போர்வை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன்மேல் எரிச்சல்தான் வருகிறது. அது பாட்டுக்கு இருக்கிறது. நாம் அதைப் பற்றிப் பொய் எழுதி வைத்திருக்கிறோம்.

நீ ஒன்றைப் புரிந்துகொள்ளவே இல்லை. இந்த வேலை நீ வாங்கிக்கொடுத்தது என்று இந்தக் கூடத்தில் இருக்கிற கரப்பான் பூச்சிக்குக்கூடத் தெரியும். என்னை இங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மேடம் தம்பி, அந்த ஸ்பானரை எடு." "மேடம் தம்பி, டீ வந்துருச்சு." நாளைக்கு இது வெளியே வந்தால், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டான், அக்காளைக் காப்பாற்றினான் என்பார்கள். அதோடு என் கதை முடிந்தது. உனக்கு ஒரு நாற்காலி வேண்டும். எனக்கும்தான் ஒரு பேர் வேண்டும்.

உப்பின்மேல் உட்கார்ந்து வாங்குகிற வேலை உனக்கு எத்தனை நாள் நிற்கும்?

பதினாறாம் தேதி இயக்குநர் விமானத்தைப் பார்க்க இங்கே வருகிறார். அவர் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். எனக்குப் பொய் வராது. உனக்கே தெரியும்.

தம்பி

*

பிப்ரவரி 14
அலுவலகம், மாடி அறை

டேய்,

கூரியர்காரர் கீழே நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. அவர் கேட்டால் சொல். கேட்காததை நீயாக எடுத்துப் பரிமாறாதே. இதற்கு மேல் ஒரு அக்காள் எப்படிக் கெஞ்சுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

உயரத்தை நான் சும்மா கேட்கவில்லை. போன ஆண்டு விமானம் ஓட்டியவர் வேறு ஆள், உன் கேப்டன் இல்லை. அவரைக் கூடத்தில் ஆமை என்று கூப்பிடுவார்கள், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். தொண்ணூறு மீட்டருக்குக் கீழே வரமாட்டார். நான் எத்தனையோ சண்டை போட்டும், "மேடம், எனக்கு ரெண்டு பொண்ணு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். நுரை ஜன்னலில் அடிக்கிற உயரத்தில் நீ எடுத்த உப்பை வைத்து, ஆமை பறந்த ஒரு ஆண்டையே தூக்கிப் போடுகிறாய். அவருடைய உயரத்தில் ஒரு தடவை பறந்து, இறங்கி, துடைக்காமல் ஊதிப் பார். அதற்கப்புறம் நீ சொல்வதை நான் கேட்கிறேன்.

மாமா நேற்று நேர்காணலுக்காக எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார். கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 18
விமானக் கூடம்

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இயக்குநர் முந்தாநாளே வந்து போய்விட்டார்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். அவர் விமானத்தைச் சுற்றி வந்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, இறக்கையைத் தட்டிப் பார்த்தார், தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி. கேப்டனிடம் சிரித்தார். என்னிடம் வந்து, "என்னப்பா, எல்லாம் சரியா இருக்கா?" என்றார்.

அது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆமாம் சார் என்று நான் சொல்லியிருந்தால் டீ குடிக்கப் போயிருப்பார். எனக்கும் அது தெரியும். ஆனால் கேட்டாரா இல்லையா? கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

கணினியில் மூன்று சோதனைகளையும் காட்டினேன். துடைக்கும் முன், துடைத்த பின். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தார். கூடத்தில் எல்லாரும் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கேட்டார்: "போன வருஷமும் இதே முறைதானா?"

"ஆமா சார்."

"முறையை யார் போட்டது?"

சொன்னேன்.

"உன் அக்காதானே அவங்க?" என்றார்.

"ஆமா சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன்.

என் தோளில் தட்டினார். படங்களை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டார். திருப்பிப் பறக்க நேரம் கேட்டேன். உடனே தருகிறேன் என்றார். நீ கேட்டிருந்தால் ஆறு மாதம் இழுத்தடித்திருப்பார். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், அந்த நேரத்தை வாங்கியது நான்.

ஆமை விஷயம் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன். அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். நீ முதல் கடிதத்திலேயே நேராக எழுதியிருக்கலாம். கேள்வி கேட்டு மடக்குகிற புத்தி உனக்கு. வாத்தியார் மாதிரி. பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பாய்.

நேர்காணலில் அவர் கேட்டால் நீயும் உள்ளதைச் சொல்லிவிடு. நேர்மையாகச் சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டார்.

தம்பி

*

பிப்ரவரி 22
வீடு

நேர்மையாகத்தான் சொன்னேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வைத்தார்கள். என் கட்டுரையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது இயக்குநர் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். பார்த்ததுமே உன் வேலை என்று தெரிந்துவிட்டது. சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடாதே, நிறக்குருடு உள்ளவர்களுக்குத் தெரியாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

"இந்தச் சோதனை முறை நீங்க போட்டதா?"

"ஆமா சார்."

"இந்தக் குறை உங்களுக்கு எப்போ தெரியும்?"

எட்டாம் தேதியிலிருந்தே தெரியும் என்றேன். நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். உன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்காது. சொல்லவில்லை. அப்படியானால் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று ஓரத்தில் இருந்த அம்மாள் கேட்டார். ஆமை, உயரம், திருப்பிப் பறப்பது என்று எல்லாம் சொன்னேன். மாட்டிக்கொண்டவள் சொல்கிற சாக்கு மாதிரியே இருந்தது. என் காதுக்கே அப்படித்தான் கேட்டது.

இதையே நானாக அடுத்த நாள் போய்ச் சொல்லியிருந்தால், கண்டுபிடித்துத் திருத்தியவள் ஆகியிருப்பேன். ஒரே உண்மைதான். நீ முந்திக்கொண்டதால் நான் மறைத்தவள் ஆனேன். இது உனக்குப் புரியாது. உனக்கு உண்மை என்றால் எண் மட்டும்தான்.

இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நல்ல பையன்தான். கடலைப் பார்த்ததே இல்லை என்று அவனே சொன்னான். என் ஒப்பந்தத்தை மார்ச்சோடு முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் பையில் எதையும் வைக்காதே. அதை வேறு யாரோதான் பிரிப்பார்கள்.

மாமா சாப்பிடும்போது, "சொந்தத் தம்பிதானே அவன்?" என்று கேட்டார். ஏதோ சந்தேகம் வந்துவிட்ட மாதிரி. அம்மாவிடம் நேர்காணல் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். தினமும் கேட்கிறாள்.

இதற்குப் பதில் எழுதாதே.

*

மார்ச் 16
விமானக் கூடம்

அக்கா,

பதில் எழுதாதே என்றாய். இது பதில் இல்லை, முடிவு. தெரிந்துகொள்ள வேண்டியவள் நீதான் என்பதால் எழுதுகிறேன்.

திருப்பிப் பறந்தோம். கரையை விட்டதிலிருந்து மேகத்துக்கு மேலேயே போனோம். தூரத்துக் கோடி வந்ததும் கேப்டன், "இறக்கட்டுமா?" என்றார். இறக்கினார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒரு துளி உப்பு படவில்லை. எண்கள் திரையில் வரத் தொடங்கின.

கரையோரத்தில் கன சென்டிமீட்டருக்கு இருநூறு துளிகள். தூரத்தில் எழுபது என்று நீ எழுதியிருந்தாய். குறைவதே இல்லை, எல்லாம் உப்பு என்று நான் சொன்னேன். கருவி நூறு என்றது. அங்கேயே திரும்பத் திரும்ப ஏறி இறங்கிப் பார்த்துவிட்டோம். நூறு, நூற்றைந்து, தொண்ணூற்றெட்டு.

அதாவது குறைகிறது. பாதியாகக் குறைகிறது. உன் கட்டுரையின் தலைப்பு அப்படியே நிற்கும். அளவு மட்டும் மாறும்.

இன்னொரு பறப்பில் ஆமையின் உயரத்திலும் போய்ப் பார்த்தேன். கேப்டன் சலித்துக்கொண்டார். இறங்கித் துடைக்காமல் ஊதினேன். இருபதைப் பதினெட்டு என்றது. உன் கணக்கு சரி. போன ஆண்டு உப்பு கொஞ்சம்தான். ஆமைக்கும் போன் செய்தேன். "மேடம் எப்படி இருக்காங்க? வேலை ஆயிடுச்சா?" என்று கேட்டார். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கட்டுரையாக எழுதுகிறோம். இயக்குநர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. உன் பெயரையும் போட வேண்டும் என்றேன். திருப்பிப் பறக்கிற யோசனையே உன்னுடையது என்றும் சொன்னேன். "விலகிப் போறவங்க பேர் எதுக்குப்பா? அவங்களுக்கே சங்கடமா இருக்கும்" என்றார். வாதாடினேன். கொஞ்சம் வாதாடினேன். நீ அவருக்கு ஒரு வரி எழுதினால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். எழுது. வீம்பு பிடிக்காதே.

வரைவை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பும் பச்சையும் மாற்றிவிட்டேன்.

தம்பி

*

ஏப்ரல் 21
வீடு

தம்பிக்கு,

புது வேலையில் சேர்ந்துவிட்டேன். கப்பல் கம்பெனிகளுக்கு மூடுபனி எச்சரிக்கை எழுதுகிற அலுவலகம். என் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்து ஏசி பெட்டிகளின் முதுகுகள். நாள் முழுக்கச் சொட்டுகின்றன. இங்கே மேகம் என்றால் ஓர் எண். காலையில் அனுப்பினால் மாலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தப்பாகப் போனால் ஒரு கப்பல் தாமதமாகப் போகும். அதிகம் போனால் மாலுமி திட்டுவான். எனக்குப் பிடித்திருக்கிறது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

வரைவைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். உண்மையாகவே சொல்கிறேன். ஐந்தாம் படத்தில் பிழை வரம்பைப் போட மறந்திருக்கிறாய், போட்டுவிடு.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "முன்பு கருவியைக் கையாண்டவர் பின்பற்றிய தவறான நடைமுறையின் காரணமாக." நீ எழுதினாயா, அவர் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை.

முன்பு கருவியைக் கையாண்டவர் நான். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டு வைத்த பெயர். எழுபது என்று அளந்தவள் நான், நூறு என்று அளக்க வழி சொன்னவளும் நான். நூறுக்கு என் பெயர் வேண்டாம். அவருக்கு ஒரு வரி எழுதுகிற உத்தேசமும் இல்லை. அந்தத் தவறு இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடு. தப்பு செய்தது இன்னார் என்று எழுது. ஒன்பது வருடம் நான் அங்கே இருந்தேன் என்பதற்கு ஏதாவது ஒரு இடத்தில் அச்சில் இருக்கட்டும். என் கட்டுரையைத்தான் அவர் பத்திரிகையிலிருந்து திரும்பப் பெற வைத்துவிட்டாரே.

உன்னிடம் இரண்டாவது தடவையாக ஒன்றைக் கேட்கிறேன். முதல் தடவை கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அம்மா உன்னோடு ஒரு மாதம் இருக்க வேண்டும் என்கிறாள். பள்ளி விடுமுறை தொடங்கிக் கூட்டம் சேருவதற்குள் பஸ் ஏற்றி விடுகிறேன். நீ நிலையத்துக்கு நேரத்துக்கு வா. நான் கூட வரவில்லை.

அக்கா

*

ஜூன் 9
குடியிருப்பு

அக்கா,

அம்மா நல்லபடியாக இருக்கிறாள், ஒரு மாதம் கழிந்தும் ஊருக்குக் கிளம்பவில்லை. முட்டி வலிக்கு இங்கே கூடத்து டாக்டரிடம் காட்டினேன். நட என்கிறார். நடக்கிறாள். விமானம் ஏறும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, திரும்பும்வரை உள்ளே போக மாட்டேன் என்கிறாள். கேப்டன் அவளுக்காகவே குடியிருப்புக்கு மேலே ஒரு வட்டம் அடிக்கிறார்.

நீ கேட்டதை இயக்குநரிடம் கேட்டேன். எழுத்தில் கேட்டேன், வாயாலும் கேட்டேன். தப்புக்கு ஆள் பெயர் போடுவது வழக்கமில்லை, பத்திரிகை ஒத்துக்கொள்ளாது என்றார். "பழிவாங்கற மாதிரி இருக்கும்ப்பா. அதுவும் சொந்த அக்காவை" என்றார். ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்த்தால் மட்டுமே பெயர் வரும், அதற்கு உன் கையெழுத்து வேண்டும். நீ போட மாட்டாய். அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்துக்கொண்டுதான் அவர் அறைக்குள் போனேன். என் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டுக்கு நீட்டியிருந்த தாளை அவர் அப்போது கையில் வைத்திருந்தார். சொல்லவில்லை.

உன் முதல் கடிதத்தில் நீ கேட்டபடி நான் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேப்டன் ஒருநாள் கேட்டார். "உங்க அக்காவே சொல்லியிருப்பாங்கள்ல?" என்றார். சொல்லியிருப்பாய். அது எனக்கு அப்போதும் தெரியும். உனக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவரிடம் இதைச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். இதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டாம், நானும் கேட்கவில்லை. நீயும் அந்த வாரத்தில் என்னை நம்பி ஆமை விஷயத்தை ஒரு வரி நேராக எழுதவில்லை.

கட்டுரை வந்துவிட்டது. பிரதி ஒன்று மேசைமேல் கிடந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. "உன் பேரைக் காட்டு" என்றாள். காட்டினேன். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். மேலே இருப்பது யார் பேர் என்றாள், சொன்னேன்.

"அக்கா பேரு எங்கடா? அவளும்தானே இந்த மேகத்துக்காக நாயா அலைஞ்சா?"

இதில் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, ஏற்கெனவே பக்கத்தைத் திருப்பித் தேட ஆரம்பித்திருந்தாள், தெரியாத எழுத்தில். இரண்டாம் பக்கத்தில், "முன்பு கருவியைக் கையாண்டவர்" என்கிற அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தேன்.

"இதோ."

அம்மா குனிந்து, அந்த வார்த்தைகளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள்.

"இங்கிலீஷ்ல அவ பேரு இவ்வளவு நீளமா வருமா?"

"ஆமாம்மா" என்றேன்.

தம்பி